இன்கிறிமென்ற்

அந்தப் பெண் கேட்டது சின்னக் கேள்விதான். சனிக்கிழமை வகுப்பு முடிந்து, எல்லோரும் வாசலில் குவிந்து கிடந்த குடைகளுக்குள் தங்களுடையதைத் தேடிக்கொண்டிருந்த நேரம். மேசைக்குக் கிட்ட வந்து நின்று, "சேர், சோதினை பாஸ் ஆகல்ல எண்டா இன்கிறிமென்ற் எக நிப்பாட்டுவாங்களா?" என்றாள். கேள்வியில் பாதி சிங்களம், பாதி நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்த தமிழ். அவள் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர். நியமனம் கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொதுநிர்வாகச் சுற்றுநிருபத்தின்படி, அந்த வருடம் யூலை முதலாம் திகதிக்குப் பிறகு அரசாங்க வேலைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெறவேண்டியிருந்தது. அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. "பயப்பிடாதேங்கோ பிள்ளை, நேரம் கிடக்கு" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்பட்டிருக்காது. நான் சொன்னது "பார்ப்பம்." அதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழிக்கத் திரும்பினேன். திரும்பியபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. அவள் முகத்தில் கண்ட பயத்தால் வந்த சந்தோஷம் அது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.

ஒரு கிழமை முழுவதும் அவள் அந்தப் பயத்தோடு கந்தோருக்குப் போய் வந்திருப்பாள். என்னைக் கெட்டவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாணவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கிறவன், வீட்டுப்பாடம் செய்யாதவர்களையும் ஏசாதவன். சிங்களம் பேசுகிறவர்களுக்குத் தமிழ் படிப்பிப்பது பொறுமை வேண்டிய வேலை. ல, ள, ழ என்று நான் மூன்றையும் சொல்ல, அவர்கள் மூன்றையும் ஒன்றாகத் திருப்பிச் சொல்வார்கள். 'க' என்ற ஒரே எழுத்தை ஏன் கடையில் ஒருமாதிரியும் தங்கத்தில் வேறுமாதிரியும் உச்சரிக்கிறோம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களைத் திணறடிப்பது வினைச்சொல்தான். பேச்சுச் சிங்களத்தில் நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் ஒரே 'யனவா'. தமிழில் போறன், போறாய், போறார், போகினம் என்று ஆளுக்கொரு வால் முளைக்கும். எழுத்துச் சிங்களத்திலும் அந்த வால்கள் உண்டு, ஆனால் அது புத்தகத்திலும் கோப்பிலும் இருக்கிற சிங்களம். இந்த விஷயத்தை நான் இலக்கணப் புத்தகத்தில் படிக்கவில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, குசினி விறாந்தையில் அரிக்கன்லாம்பு வெளிச்சத்தில் வாயை அசைத்து அசைத்துச் சிங்களம் பாடமாக்கிக்கொண்டிருந்த ஐயா சொன்னார்: "தம்பி, றோட்டுச் சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இவங்கள் கேக்கிறது பைல் சிங்களம்."

ஐயா 1951 இல் எழுதுவினைஞர் சேவைக்குள் போனவர். ஆங்கிலத்தில் சோதினை எழுதி, ஆங்கிலத்தில் நியமனக் கடிதம் வாங்கி, கொழும்பில் ஒரு திணைக்களத்தில் சேர்ந்தார். வெள்ளவத்தையில் ஆறு பேரோடு ஒரு சமறி. ஊருக்கு வந்துபோக யாழ்தேவி. அந்த ரயிலும் சிங்களம் மட்டும் சட்டமும் ஒரே வருடத்தில் வந்தவை என்பதை ஐயா ஒரு பகிடிபோலச் சொல்லுவார்: "வீட்டை போறதுக்கு வழியையும் அவங்கள்தான் போட்டுத் தந்தவங்கள்." கந்தோரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய வரைவு. ஒரு முறைப்பாட்டுக்குப் பதிலோ, திறைசேரிக்கு விளக்கமோ, அவர் எழுதிக் கொடுத்தால் பணிப்பாளர் ஒரு கால்புள்ளியையும் மாற்றாமல் கையொப்பம் வைப்பாராம். இதை அவர் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. சம்பளத்தைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சிங்களம் மட்டும் சட்டம், அதாவது 1956 இன் 33 ஆம் இலக்கச் சட்டம், நடைமுறைப்படுத்த 1960 முடியும்வரை அவகாசம் கொடுத்தது. அந்த நாலரை வருடமும் கந்தோரில் ஒன்றும் நடக்காததுபோலவே இருந்ததாம். 1961 தை மாதம் தொடங்கியபிறகு வரைவுகள் சிவப்பு மையோடு திரும்பி வரத் தொடங்கின. முதலில் அவர் ஆங்கிலத்தில் எழுத, இன்னொருவர் சிங்களத்தில் மாற்றினார். பிறகு அந்த இன்னொருவரே நேராக எழுதினார். ஐயாவை லீவுக் கணக்கும் பென்சன் கணக்கும் பார்க்கிற பகுதிக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, உதவி என்றுதான் சொன்னார்கள். எண்களுக்கு மொழி இல்லைத்தானே. வசனம் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் அதன்பிறகு இருபது வருடம் கூட்டலும் கழித்தலும் செய்தார்.

இந்த இடத்தில் என் கதை ஒரு பக்கம் சாய்கிறது. சாயவிட்டால் எனக்கு வசதி, அதனால்தான் அந்த மாத்தறைப் பெடியனைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஐயாவுக்குப் பைல் சிங்களம் படிப்பித்தது அவன்தான். புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை ஒரு கையால் பிசைந்துகொண்டே மற்றக் கையால் ஐயாவின் கொப்பியில் பிழை திருத்துவானாம். 'மகத்தயா' என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய தகப்பன் ஒருமுறை காணிப் பிரச்சினை ஒன்றுக்காகக் கச்சேரிக்கு விண்ணப்பம் எழுத, ஒரு பெற்றிஷன் எழுதுகிறவனுக்குக் காசு கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவித்தாராம். பதிலும் ஆங்கிலத்தில் வந்தது. அதை வாசித்துச் சொல்ல இன்னொருவனுக்குக் காசு. நாட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரும் இல்லாத காலம். அந்த ஆட்சிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு கல்லாக என் ஐயாவும் இருந்தார். மிக நேர்த்தியாகச் செதுக்கப்பட்ட கல். அந்தப் பெடியனுக்கு முன்பெல்லாம் கந்தோர் தொலைபேசியை எடுக்கவே பயமாம், தன் ஆங்கிலத்தைக் கேட்டு மறுமுனையில் சிரிப்பார்கள் என்று. 1961 க்குப் பிறகு அவன் தொலைபேசியை எடுத்தான். சுயபாஷை வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லோரும் தமிழருக்கு எதிராகக் கேட்டவர்கள் அல்லர். 1944 இல் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணை, தமிழையும் சேர்த்துத் திருத்தப்பட்டுத்தான் நிறைவேறியது. திருத்தவேண்டிய பிழை ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதைத் திருத்துகிறோம் என்றுதான் மற்றதும் நடந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். நல்லது முடிந்து கெட்டது தொடங்குகிற இடம் எனக்குப் பிடிபடவில்லை. கடதாசியில் தெளிவாகத் தெரிகிறது, பிரேரணையில் இரண்டு மொழி என்றிருந்த இடத்தில் சட்டத்தில் ஒன்று வந்தது. ஐயாவின் மேசையில் தெரியவில்லை.

எங்கள் கூட்டங்களில் இந்த விஷயத்தைச் சதவீதத்தில்தான் சொல்வார்கள். அந்த வருடம் அரச சேவையில் தமிழர் இத்தனை வீதம், இந்த வருடம் இத்தனை. நானும் அந்தக் கணக்குகளை மேடையில் வாசித்திருக்கிறேன். கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கணக்கில் ஐயா எங்கே வருகிறார்? அவர் வேலையை விடவில்லை. சோதினை எழுதினார், பாஸ் பண்ணினார், இன்கிறிமென்ற் எடுத்தார், ஐம்பத்தைந்தில் பென்சன் எடுத்தார். சதவீதத்தில் அவர் கடைசிவரை உள்ளேதான் இருந்தார். நிர்வாகப் பாடப் புத்தகங்களில் 'ஊழியர் மனவுறுதி' என்று ஒரு சொல் வரும். மொழிபெயர்ப்பாளனாக நானே அதை நூறு தடவை எழுதியிருப்பேன், ஒருதடவைகூடத் திருப்தியில்லை. உறுதி என்பது தூணுக்கு உள்ள குணம். எங்கள் ஊரில் இதற்கு நல்ல பேச்சு ஒன்று இருக்கிறது: "எனக்கு மனம் விட்டுப்போச்சு." விட்டுப்போன மனம் உடைந்துபோவதில்லை, அழுவதில்லை, கந்தோருக்கு நேரத்துக்குப் போகும், எட்டரைக்குக் கையொப்பம் வைக்கும். ஆள் இருப்பார், அவருடைய வசனம் குறுகிப்போயிருக்கும். ஐயா வீட்டிலும் அப்படித்தான் ஆனார். கொழும்பிலிருந்து அவர் அம்மாவுக்கு எழுதின கடிதங்கள் முன்பு நாலு பக்கம். நான் விபரம் தெரிந்து வாசித்தவை தபாலட்டைகள். தமிழில் எழுதுவதற்கு அவருக்கு யாரும் தடை போடவில்லை. ஆனாலும் எங்கேயோ ஓரிடத்தில் வசனம் நின்றுபோனால் அது எல்லா மொழியிலும் நின்றுவிடுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இது அதிகமாக யோசிக்கிற மகனின் கற்பனையாகவும் இருக்கலாம், வயது போனால் கடிதம் குறுகுவது வழமைதான்.

வகுப்பில் முதல் நாள் நான் ஒரு விளையாட்டு விளையாடுவேன். கந்தோரில் இருக்கிற பொருட்களின் பெயரைச் சிங்களத்தில் கேட்டு, பக்கத்தில் தமிழை எழுதுவேன். கன்தோருவ, கந்தோர். மேசய, மேசை. அல்மாரிய, அலுமாரி. லாச்சுவ, லாச்சி. கச்சேரிய, கச்சேரி. வகுப்பு சிரிக்கத் தொடங்கும், 'தமிழ் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்' என்று. மேசையும் அலுமாரியும் போர்த்துக்கேயன் விட்டுப்போனவை. கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தனுடையவை. கச்சேரி இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. சட்டம் வந்து கோப்பின் மொழியை மாற்றியபோதும், கோப்பை வைக்கிற லாச்சியின் பெயர் இரண்டு பக்கமும் மாறாமல் கிடந்தது. ஒரு பொருளில்தான் விளையாட்டு குழம்பும். நாங்கள் போர்த்துக்கேயனிடம் எடுத்துக் 'கதிரை' என்கிறோம், அவர்கள் 'புட்டுவ' என்கிறார்கள். இருக்கிற இடத்தில்தான் ஒற்றுமை இல்லை என்று நான் சொல்ல, வயது வந்தவர்கள் மட்டும் சிரிப்பார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, 'கதிரை' என்று கொப்பியில் மூன்று தரம் எழுதினாள். இந்தப் பட்டியலில் பிறகு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன், இன்கிறிமென்ற். ஐயாவும் அதைத்தான் சொன்னார், அவளும் அதைத்தான் சொன்னாள். அரசகரும மொழித் திணைக்களம் இரண்டு மொழியிலும் ஆயிரக்கணக்கில் சொல் ஆக்கித் தந்தது. கிளாக்கரை எழுதுவினைஞராக்கியது, பிற்காலத்தில் எழுதுவினைஞர் முகாமைத்துவ உதவியாளரானார். 'சம்பள ஏற்றம்' என்ற சொல் கடதாசியில் இருக்கிறது. வாயில் ஏறவில்லை.

தமிழ், சிங்கள எழுதுவினைஞர்கள் பிரிந்துபோனது எப்போது என்று யோசிக்கும்போது இரண்டு யூன் 5 எனக்கு நினைவு வரும். முதலாவது 1947. அரசாங்க எழுதுவினைஞர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்கள், கொழும்பில் தொழிலாளரோடு சேர்ந்து ஊர்வலம் போனார்கள், பொலிஸ் சுட்டது. செத்தவர் கந்தசாமி, ஒரு தமிழ் கிளாக்கர். சிங்களத் தொழிலாளர் வருடாவருடம் நினைவுகூர்ந்த ஒரு தமிழ்ப் பெயர் அது. எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக இருந்து அந்த வேலைநிறுத்தத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ரி. பி. இலங்கரத்ன. இரண்டாவது யூன் 5, 1956. பாராளுமன்றத்தில் மொழிச் சட்டமூலம் வந்த நாள், வெளியே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிவாங்கிய நாள். அந்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் இலங்கரத்ன ஓர் அமைச்சர். அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சம்பளத்துக்காக ஒன்றாக நடக்க முடிந்தவர்களால் மொழிக்காக ஒன்றாக நடக்க முடியவில்லை, அவ்வளவுதான். பிறகு தமிழ் எழுதுவினைஞர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்தார்கள். அந்த வட்டத்திலிருந்துதான் கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் வந்தார். 1961 மார்கழியில் வந்த 560 ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றுநிருபம் கேட்ட சிங்களச் சோதினைக்கு அவர் போகவில்லை. 1962 சித்திரையில் இன்கிறிமென்ற் நின்றது. வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் ஓ. எல். டி கிரெற்சர் என்ற நீதிபதி, மொழிச் சட்டமே அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் மொழியைத் தொடவேயில்லை, அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று தள்ளியது. 1969 மார்கழியில் பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம் என்று சொல்லி, மொழிக் கேள்வியைத் திரும்ப உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அது விசாரிக்கப்படவே இல்லை. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29 ஆம் பிரிவு போனது. கேள்வி கேட்கப்பட்ட காகிதம் மட்டும் மிஞ்சியது.

"கோடீஸ்வரன் கோட்டுக்குப் போனார். நான் கிளாசுக்குப் போனன்" என்பார் ஐயா. வேறொன்றும் சொல்லமாட்டார். அந்த வசனத்தில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கிறேன், இரண்டும் சரிசமமாக இருந்ததால்தான் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் அவரை வளைந்துகொடுத்தவர் என்று பார்த்தார்கள், கந்தோரில் திக்கித் திக்கிப் பேசுகிறவர் என்று. அவருடைய பிரதம லிகிதர் ஒரு பறங்கியர். அவருக்கு இரண்டு வழியும் வேண்டியிருக்கவில்லை, குடும்பத்தோடு மெல்பேணுக்குக் கப்பல் ஏறிவிட்டார். போகும்போது தன் மைக்கூட்டை ஐயாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். எழுத ஒன்றும் இல்லாதவனுக்கு மைக்கூடு. இதை ஐயா சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

நான் இருபத்திரண்டு வருடம் அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன், ஆகவே திருத்தத்தின் மறுபக்கமும் எனக்குத் தெரியும். 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அடுத்த வருடம் 16 ஆம் திருத்தம் இரண்டையும் நிர்வாக மொழிகளாக்கியது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. கடதாசியில் குறையில்லை. என் மேசைக்குக் கோப்பு வருகிறது பின்னேரம் மூன்றரைக்கு, 'தமிழ்ப் பிரதி, இன்று' என்று பென்சிலால் எழுதிய துண்டோடு. சிங்களத்தில் மூன்று மாதம் யோசித்து, கூட்டம் கூடி, வெட்டி ஒட்டி எழுதியதை நான் தேநீர் ஆறுவதற்குள் தமிழாக்கவேண்டும். தமிழ் அங்கே யோசிக்கிற மொழியாக இருக்கவில்லை, ஒட்டுகிற மொழியாக இருந்தது. என் பிழைகள் பெயர்ப்பலகைகளில் இன்னும் தொங்குகின்றன. எனக்கும் மனம் விட்டுப்போயிருந்தது, ஆனால் அதற்கு நான் கொடுத்த பெயர் 'வேலைப்பளு.' ஓய்வு பெற்றபிறகு வகுப்பெடுக்க வரச் சொன்னபோது உடனே ஒத்துக்கொண்டேன். இந்தமுறை சிங்களவர் படிக்கிறார்கள், இதுதான் சரியான திருத்தம் என்று உண்மையாகவே நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். வவுனியாவிலோ பதுளையிலோ ஒரு கிழவி தன் பிறப்புச் சான்றிதழுக்கு வந்து நிற்கும்போது, கதிரையில் இருக்கிறவளுக்கு அவளுடைய மொழி விளங்கவேண்டும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகம் வேறொன்றில். நியாயமான கட்டளைக்கும் அநியாயமான கட்டளைக்கும் ஏன் ஒரே ஆயுதம்? இன்கிறிமென்றை நிறுத்துவோம் என்ற பயமுறுத்தல் இல்லாமல் ஒருவருக்கு இன்னொருவருடைய மொழியைப் படிப்பிக்க இந்த அரசாங்கத்துக்குத் தெரியாதா? இல்லாவிட்டால், பயமுறுத்தாமல் நாங்கள் யாருமே படிக்கமாட்டோமா? அந்தப் பெண்ணுக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை. அவளுடைய மொழியில்தான் அவளுடைய கோப்புகள் எல்லாம். அவள் நிலைமையையும் ஐயாவின் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கணக்குப் பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் நின்ற நிற்பு, பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தது, தன்னைவிட வயது குறைந்தவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று குரலைத் தாழ்த்தியது, இவற்றுக்குச் சரித்திரம் தெரியாது. அவளைப் பார்த்து மகிழ்ந்த எனக்குத்தான் தெரியும். ஐயா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாரா என்று என்னை நானே கேட்கிறேன். மாத்தறைப் பெடியன் ஐயாவிடம் ஒருநாளும் "பார்ப்பம்" என்று சொல்லியிருக்கமாட்டான் என்பதே எனக்கு வரும் பதில்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புத் தொடங்கமுதலே அவளைக் கூப்பிட்டு, மூன்று வருடம் இருக்கிறதென்று சொன்னேன். "தேங்ஸ் சேர்" என்றாள், போய் இருந்தாள். அன்று பேச்சுப் பயிற்சி. நான் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த கிழவன், அவள் உத்தியோகத்தர். "இரு" என்றாள். முகத்தைப் பார்த்ததும் "இருங்க" என்று திருத்தினாள். எங்கே இருந்து வருகிறேன் என்று கேட்டாள். வேண்டுமென்றே யாழ்ப்பாணத்துப் பேச்சில், ஆனால் மெதுவாகச் சொன்னேன். விளங்காத இடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவளிடம் சிங்களத்தில் கிசுகிசுத்துக் கேட்டாள், கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், நான் ஏசுவேனோ என்று. பிறகு சம்பவத்தைக் குறிப்பாக எழுதச் சொன்னேன். நாலு வரி எழுதியிருந்தாள். முதல் வரியில் 'ஐயா' என்பதற்குப் பதிலாக 'ஜயா' என்று இருந்தது. சிங்கள எழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஐயன்னாவும் ஜானாவும் ஒன்றுதான், வருடாவருடம் யாராவது எழுதுகிற பிழை. சிவப்புப் பேனை என் சேட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது. அவளுடைய பென்சிலை வாங்கி அந்த எழுத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன். மூன்றாவது வரியிலும் அதே பிழை இருந்தது.